பெயரில்லாச் சந்நிதி

ஹிங்லாஜ் தேவியைத் தரிசிக்கச் செல்லும் அடியார்கள் நேரே அம்மனின் குகைக்குச் செல்வதில்லை. பலூசிஸ்தானத்தின் மக்ரான் கடற்கரையை ஒட்டி, வழியில், சந்திரகூபம் என்றொரு குன்று இருக்கிறது. கல்லால் ஆன குன்றன்று; பூமிக்குள்ளிருந்து பொங்கிவந்த சாம்பல்நிறச் சேறு தானே வழிந்து, தானே உறைந்து உயர்ந்த குன்று. உச்சியில் ஒரு குழி. அதில் சேறு குமிழியிட்டுக்கொண்டேயிருக்கும். அதனைச் சிவபெருமானின் வடிவாகக் கருதி, 'பாபா' என்றழைத்து, தேங்காய் சமர்ப்பித்து வணங்குகிறார்கள். பின்னர் தாம் செய்த பிழைகளை வாய்விட்டுச் சொல்லி நிற்கிறார்கள். குமிழி எழுமாயின் தேவியிடம் செல்ல அனுமதி கிடைத்ததாகப் பொருள்.

இவ்விவரங்களை இப்பகுதியில் முன்பொரு முறை எழுதியிருந்தேன். என் அத்தை அதைப் படித்திருப்பார் என்று நான் நினைக்கவில்லை. ஏனெனில் அத்தைக்கும் எங்கள் வீட்டுக்கும் பதினோரு ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை கிடையாது. பூர்விக வீட்டை விற்பது குறித்து அத்தைக்கும் அவருடைய தம்பியான என் தந்தையாருக்கும் மனத்தாங்கல் ஏற்பட்டது. தந்தையார் காலமானபோது அத்தை வரவில்லை. பத்தாம் நாளுக்கும் வரவில்லை. என் தாயாருக்கு அது ஆறாத புண். அத்தையின் புதல்வனோடு மட்டும் எனக்குத் தொடர்பு அறுபடாமல் இருந்தது. அஜர்பைஜான் நாட்டின் தலைநகரான பாகுவில் அவனுக்கு உத்தியோகம். அந்நகரை அடுத்த சுரகானியில் நம்மவர் அக்கினியை வழிபட்ட ஜ்வாலாஜி ஆலயத்தைக் காண வேண்டுமென்பது என் நெடுநாள் ஆசை. சென்ற வைகாசியில் அங்கே போனபோது அத்தையும் மகன் வீட்டுக்கு வந்திருந்தார்.

அவனுக்கு அன்று விடுப்பு கிடைக்கவில்லை. சுற்றுலாப் பேருந்தில் இரண்டு இடங்களைப் பதிவு செய்து, எழுபத்தாறு வயதுத் தாயாரை என்னிடம் ஒப்படைத்துவிட்டான். காலையில் கோபுஸ்தானத்துப் பாறைச் சிற்பங்கள், நண்பகலில் சேற்று எரிமலைகள், மாலையில் சுரகானி. இதுதான் ஒருநாள் பயணத் திட்டம். எனக்கு வேண்டியது மூன்றாவது மட்டுமே. முதலிரண்டையும் பொறுத்துக்கொள்வதென்று முடிவு செய்திருந்தேன்.

பாகுவிலிருந்து தெற்கே செல்லும் சாலையில் இடப்புறம் காஸ்பியன் கடல் கூடவே வருகிறது. கடல் என்று பெயரேயன்றி நாற்புறமும் நிலம் சூழ்ந்த ஏரிதான். அதன் நீர்மட்டம் பெருங்கடலின் மட்டத்தைவிட ஏறத்தாழ 28 மீட்டர் தாழ்ந்திருக்கிறது. வழியெங்கும் எண்ணெய்க் கிணறுகள். 1846-ஆம் ஆண்டிலேயே பீபி ஹேபத் என்னுமிடத்தில் இயந்திரத்தால் துளையிட்டு எண்ணெய் எடுக்க முயன்ற நாடு அது. வழிகாட்டியாக வந்த இளம்பெண் இவற்றையெல்லாம் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வர, அத்தை சாளரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பியவாறு அமர்ந்திருந்தார். எங்கள் இருவருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை.

ஒரு மணி நேரத்தில் கோபுஸ்தானம் வந்தது. 'கோபு' என்றால் மலையிடுக்கு. ஆகவே மலையிடுக்குகளின் நாடு என்று பெயர். பசுமை என்பதே இல்லாத வெளியில், உச்சி தட்டையான மூன்று குன்றுகள். அவற்றின் விளிம்பு உடைந்து, வீடளவும் தேரளவும் பாறைகள் சரிந்து குவிந்து கிடக்கின்றன. 1930-களில் கல்லுடைக்க வந்த தொழிலாளர்கள், பாறைகளின் முகத்தில் மிருகங்களும் மனிதர்களும் கீறப்பட்டிருப்பதைக் கண்டார்கள். அதன்பின் அறிஞர்கள் வந்தார்கள். இன்று எண்ணி வைத்திருக்கும் கீறல் சித்திரங்கள் ஆறாயிரத்துக்கும் மேல். 2007-இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. மிகப் பழையவை பனியுகத்தைச் சார்ந்தவை. மிகப் புதியவை இடைக்காலத்தவை. ஒரே பாறையில் ஒரு காலத்தார் வரைந்ததன்மேல் மற்றொரு காலத்தார் வரைந்திருக்கிறார்கள். எருதின் வயிற்றுக்குள் ஓர் ஆடு, ஆட்டின் கொம்பின்மேல் ஒரு மனிதன் என்று கோடுகள் பின்னிக் கிடக்கின்றன.

இவை நம் மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் போல உளியால் புடைத்தெடுத்தவையல்ல. கல்லைக் கொண்டு கல்லைத் தேய்த்தும் கொத்தியும் உண்டாக்கிய பள்ளக் கோடுகள். வெயில் நேரே விழும்போது கண்ணுக்குத் தெரிவதில்லை. வழிகாட்டி கை காட்டிய பிறகும் சில கணங்கள் வெறும் பாறைதான். பிறகு ஓர் எருது எழுந்து நிற்கிறது. திமில் போலத் திரண்ட முதுகும் முன்னோக்கி வளைந்த கொம்புமாக, ஆளுயரத்துக்கு.

நந்தியெம்பெருமான் என்று சொல்ல என் நாக்கு துடித்தது. உண்மையைச் சொல்கிறேன், அன்பர்களே: கைப்பேசியில் அதைப் படம் பிடித்து, 'காஸ்பியன் கரையில் ஆதி நந்தி' என்று நான்கு பேருக்கு அனுப்பினால், மாலைக்குள் நாற்பதாயிரம் பேர் பார்த்திருப்பார்கள். அப்படிப்பட்ட செய்திகள் எனக்கே வாரந்தோறும் வருகின்றன. ஆனால் அது நந்தியன்று. முற்காலத்தில் அந்நிலத்தில் திரிந்த, இப்போது பூண்டற்றுப் போன காட்டெருது. வேட்டையாடி உண்டவர்கள் அதை வரைந்தார்கள். பக்தி மிகுதியால் சொல்லும் பொய்யும் பொய்தான். நம் தெய்வத்துக்கு அந்தக் காட்டெருதின் சாட்சியம் தேவையில்லை.

அடுத்த பாறையில் ஒரு படகு. கூரிய முனைகள் இரண்டும் உயர்ந்து வளைந்திருக்க, உள்ளே சிறு சிறு நிலைக்கோடுகளாக மனிதர்கள். அதன் முனையில் சூரியனைப் போல் ஒரு வடிவம். இப்போது கடல் எங்கோ தொலைவில் ஒளிர்கிறது; அக்காலத்தில் இக்குன்றுகளுக்கு வெகு அருகில் அலையடித்திருக்கிறது. நார்வே நாட்டுக் கடலோடி தோர் ஹெயர்தால் இங்கே வந்து, தம் நாட்டுப் பாறைகளில் உள்ள படகுகளும் இவையும் ஒன்றுபோல் இருப்பதாகக் கண்டு, தம் முன்னோர் இங்கிருந்தே புறப்பட்டார்கள் என்று வாதிட்டார். அறிஞர்களில் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. நந்தியைக் கண்ட ஆசை எனக்கு மட்டும் உரியதன்று என்பதில் எனக்குச் சற்று ஆறுதல்.

அத்தையை நிறுத்தியது மனிதர்களின் வரிசை. தோளோடு தோள் சேர்ந்து ஒரே நிரையில் நின்று ஆடுகிறார்கள். 'யல்லி' என்னும் அவ்வகை ஆட்டத்தை அந்நாட்டார் இன்றும் திருமணங்களில் ஆடுவதாக வழிகாட்டி சொன்னாள். அத்தை அவ்வுருவங்களை விரலால் தொடாமல், காற்றிலேயே ஒவ்வொன்றாக எண்ணினார். அன்று காலையிலிருந்து அவர் தாமாகப் பேசிய முதல் வாக்கியம் அப்போதுதான் வந்தது.

"கும்மியில் ஒருத்தி கையை விட்டாலும் வட்டம் கெட்டுப்போகும், தெரியுமா?"

தெரியும் என்றேன்.

சிறிது தூரத்தில் ஒரு பெருங்கல் இருக்கிறது. 'காவல் தாஷ்' என்பார்கள். தப்பட்டைக் கல் என்று நம் மொழியில் சொல்லலாம். அகன்ற பாறை, அடியில் இரண்டொரு இடத்தில் மட்டுமே தரையைத் தொட்டு நிற்பதால், சிறு கல்லால் தட்டினால் தோற்கருவி போல ஒலிக்கிறது. ஓரிடத்தில் தட்டினால் ஒரு சுருதி, நான்கு விரல் தள்ளித் தட்டினால் வேறொன்று. திருநெல்வேலி நெல்லையப்பர் சந்நிதியின் இசைத்தூண்களைத் தட்டிக் கேட்டவர்களுக்கு இவ்வியப்பு புதியதன்று. அங்கே சிற்பி செய்ததை இங்கே சரிவில் விழுந்த கல் தானே செய்துகொண்டது. அத்தை காதை வைத்துக் கேட்டார். "நெல்லையப்பர் கோயிலுக்கு உன் அப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன்," என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

குன்றின் அடிவாரத்தில் இலத்தீன் எழுத்துகள் கொண்ட ஒரு பாறை உண்டு. உரோமாபுரிப் பேரரசன் தொமிதியானின் பெயரும், பன்னிரண்டாம் படையணியின் நூற்றுவர் தலைவன் ஒருவனின் பெயரும் அதில் உள்ளன. கிழக்கே இவ்வளவு தொலைவில் உரோமர் பொறித்த கல்வெட்டு வேறில்லை என்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை. கி.பி. 96-இல் தொமிதியான் கொலையுண்டபின், அவன் பெயரை எல்லாக் கல்லிலிருந்தும் செதுக்கி அழிக்குமாறு உரோமாபுரி மன்றம் ஆணையிட்டது. அந்த ஆணை காஸ்பியன் கரை வரை நடந்து வரவில்லை. பகைவர் அழிக்க நினைத்த பெயர் இங்கே வெயிலில் காய்ந்துகொண்டு பத்திரமாக இருக்கிறது.

நண்பகல் உணவுக்குப்பின், பேருந்து போகமுடியாத பாதை என்று சொல்லி, எங்களைப் பழைய லாடா மகிழுந்துகளில் நால்வர் நால்வராக ஏற்றினார்கள். முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவும் தனித்தனியே அறியும் பயணம். சாரதி அதை மிகவும் ரசித்து ஓட்டினார். முடிவில், புல்லும் முளைக்காத ஒரு மேட்டில் இறக்கிவிட்டார்கள்.

சேற்று எரிமலை என்னும் பெயரைக் கேட்டு நெருப்பும் புகையும் எதிர்பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். நம் இடுப்பளவிலிருந்து இரண்டு ஆள் உயரம் வரை, கறையான் புற்றுகளைப் போலச் சாம்பல்நிறக் கூம்புகள். ஒவ்வொன்றின் வாயிலும் கூழ் காய்ச்சுவது போல ஓர் ஒலி. சேறு மெதுவாக உப்பி எழுகிறது, பளபளப்பான அரைக்கோளமாகிறது, உடைகிறது, விளிம்பில் ஒரு வழியல் சரிந்து இறங்குகிறது. மறுபடியும் அமைதி. கொதிப்பதாகவே கண்ணுக்குத் தோன்றும். கையை வைத்தால் குளிர்ச்சி.

இதன் காரணம் அறியத்தக்கது. காஸ்பியனின் அடியில் பல இலட்சம் ஆண்டுகளாக ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய களிமண் பல கிலோமீட்டர் கனத்துக்குப் படிந்திருக்கிறது. விரைவாகப் படிந்ததால் உள்ளிருந்த நீர் வெளியேற வழியின்றி அகப்பட்டுக்கொண்டது. ஆழத்தில் உயிர்ப்பொருள்கள் மக்கி மீத்தேன் வாயுவாயின. மேலே உள்ள பாரம் அழுத்த அழுத்த, நீரும் வாயுவும் களிமண்ணைக் கரைத்து, பிளவு கண்ட இடத்தில் மேலேறுகின்றன. உருகிய பாறைக்கும் இதற்கும் தொடர்பில்லை. அஜர்பைஜானில் மட்டும் இத்தகையவை முந்நூறுக்கும் அதிகம். பெரும்பாலும் இப்படிச் சாதுவாகவே இருக்கும். சில வேளை சீறும். 2021-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் இரவு, காஸ்பியன் கடலின் ஆளில்லாத் தீவொன்றில் சேற்று எரிமலை வெடித்து, வெளிவந்த வாயு தீப்பற்றி எரிந்தது. அத்தீத்தூண் வெகு தொலைவிலிருந்த பாகு நகரத்தார் கண்ணுக்கும் தெரிந்தது.

காஞ்சியில் மண்ணாக, ஆனைக்காவில் நீராக, அண்ணாமலையில் நெருப்பாக, காளத்தியில் காற்றாக, தில்லையில் வெளியாக நாம் ஐந்து ஊர்களில் தேடிச் சென்று வணங்கும் பூதங்கள், இங்கே கைக்கெட்டும் ஒரு கூம்புக்குள் ஒன்றாகப் பொங்குகின்றன. இதைத் தலம் என்று நான் சொல்லவில்லை; சொல்லும் உரிமை எனக்கில்லை. மக்ரான் கரையில் இதே சேற்றுக்கு ஒரு பெயர் உண்டு, தேங்காய் உண்டு, அடியார் உண்டு. இங்கே பெயரில்லை. உடன் வந்த இளைஞர்கள் சேற்றை முகத்தில் பூசிக்கொண்டு படம் எடுத்தார்கள். சருமத்துக்கு நல்லதாம்.

அத்தையைக் காணவில்லை. கூட்டத்தை விட்டு விலகி, தள்ளியிருந்த சிறு கூம்பொன்றின் முன்னே நின்றுகொண்டிருந்தார். செருப்பைக் கழற்றி வைத்திருந்தார். வெறுங்காலில் நிற்கிறாரே, வழுக்குமே என்று விரைந்தேன். அருகே சென்றபோது அவர் வாய்விட்டுப் பேசுவது கேட்டது. நான் வந்ததை அவர் அறியவில்லை.

"கோபத்தில் வரவில்லை. முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு வரவில்லை. அவன் போன பிறகாவது போயிருக்க வேண்டும். போகாமல் இருந்துவிட்டேன்."

இவ்வளவுதான் சொன்னார். பிறகு கைகளைக் கட்டிக்கொண்டு குழியையே பார்த்து நின்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் எழுதியதைப் படித்திருக்கிறார். குமிழிக்காகக் காத்திருக்கிறார்.

குழி அசையவில்லை. சுற்றிலும் மற்றக் கூம்புகளெல்லாம் கொப்பளித்துக்கொண்டிருக்க, அத்தை தேர்ந்துகொண்ட அந்த ஒன்று மட்டும் கண்ணாடி போலக் கிடந்தது. வாயு வரும் வழி தற்காலிகமாக அடைபட்டால் அப்படி நேர்வதுண்டு. சில நிமிடங்களில் தானே சரியாகும். எல்லாம் தெரிந்திருந்தும், ஒரே ஒரு குமிழி எழவேண்டுமென்று அங்கே நின்று நானும் வேண்டினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. இரண்டு நிமிடம் ஆயிற்று. ஐந்து நிமிடம் ஆயிற்று. லாடாக்காரர் ஒலிப்பானை அழுத்தினார். மீண்டும் அழுத்தினார்.

"அத்தை, வாருங்கள். இது சந்திரகூபம் அல்ல."

அவர் திரும்பிப் பார்த்தார். நான் கேட்டுவிட்டேன் என்பதை என் முகத்திலேயே தெரிந்துகொண்டார். செருப்பை மாட்டிக்கொள்ள என் தோளைப் பற்றினார். பதினோரு ஆண்டுகளில் அவர் என்னைத் தொட்டது அப்போதுதான்.

இதையெல்லாம் எழுதலாமா என்று பின்னர் கேட்டபோது, "பெயர் போடாமல் எழுது," என்றார்.

சுரகானியை அடைந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. எவ்வளவோ ஆண்டு ஆசைப்பட்ட இடம். அதை இவ்வளவு சுருக்கமாக எழுத நேரும் என்று நினைக்கவில்லை. ஐங்கோண வடிவில் மதில். அதன் உட்புறம் சுற்றிலும் சிறு சிறு அறைகள். அவற்றில்தான் வட பாரதத்திலிருந்து வந்த துறவிகளும், முல்தான் முதலிய ஊர்களின் வணிகர்களும் தங்கினார்கள். நடுவே நான்கு வளைவுகள் கொண்ட மண்டபம், அதன் உச்சியில் திரிசூலம், உள்ளே அக்கினி. அறைவாயில்களின்மேல் தேவநாகரியில் கல்வெட்டுகள், குர்முகியிலும் உண்டு. ஒன்றில் விக்கிரம சகாப்தம் 1802, அதாவது கி.பி. 1745, என்று காலம் குறித்து, விநாயகரை வணங்கித் தொடங்கி, ஜ்வாலாஜியைப் போற்றியிருக்கிறார்கள். 1925-இல் இங்கு வந்த பார்சி அறிஞர் ஜீவன்ஜி ஜம்ஷெட்ஜி மோதி, இது தம் சமயத்தாரின் ஆலயமன்று, இந்துக்களுடையதே என்று மனமறிய எழுதிச் சென்றார். தமக்கு உரியதல்லாததைத் தமதன்று என்று சொன்ன அப்பெரியவருக்கு அம்மண்டபத்தின் முன் என் மனத்தால் ஒரு வணக்கம் செலுத்தினேன்.

பூமியிலிருந்து தானே எழுந்த அந்த அக்கினி இப்போது இல்லை. சுற்றுவட்டாரத்தில் வாயுவை எடுக்க எடுக்க ஊற்று வறண்டு, 1969-இல் சுடர் அணைந்துவிட்டது. இன்று எரிவது நகரத்துக் குழாய் வாயு. வழிகாட்டி இதைச் சொன்னதும் எனக்கு உள்ளம் சுருங்கிப்போயிற்று. கண்காட்சிக்கு வைத்த நெருப்பை எப்படிக் கும்பிடுவது என்று அத்தையிடம் சொன்னேன்.

"நம் வீட்டு விளக்குக்கு எண்ணெய் கடையிலிருந்துதானே வருகிறது?" என்று கேட்டுவிட்டு, சுருக்குப்பையிலிருந்து விபூதியை எடுத்துத் தாமும் இட்டுக்கொண்டு, என் நெற்றியிலும் இட்டார்.

வெளியே மதிலோரம் ஒரு கல்லிருக்கையில் அமர்ந்தோம். பேருந்து புறப்பட இருபது நிமிடம் இருந்தது. அவருடைய புடவைக் கரையில் சேறு காய்ந்து வெளுத்திருந்தது. அதை நகத்தால் சுரண்டிக்கொண்டே சொன்னார்:

"அந்தக் குழி பதில் சொல்லாதது சரிதான். அனுமதி கொடுக்க வேண்டியவள் அங்கே இல்லையே."

எனக்குப் பேச வரவில்லை.

"நம் ஊரில் இப்போது மணி என்ன இருக்கும்?"

இங்கே ஆறு, ஒன்றரை மணி நேரம் கூட்டினால் ஏழரை என்றேன்.

"விளக்கேற்றி முடித்திருப்பாள். சாப்பிட உட்காருவதற்குள் கூப்பிடு."

கைப்பேசியில் அம்மாவின் எண்ணை அழுத்தினேன். மணி நான்கு முறை ஒலித்தது. அம்மா எடுத்து, "சாப்பிட்டாயா?" என்றாள். ஒருவர் பேசவேண்டும் என்கிறார் என்று சொல்லிவிட்டு, கருவியை அத்தையிடம் கொடுத்து, நான் சற்றுத் தள்ளிப்போய் நின்றுகொண்டேன்.